முதல் லீவர் ரைஃபிள்: எதை வாங்கலாம், எப்படி வைத்துக்கொள்ளலாம்

ஒஹையோவில் வசிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. குடும்பத்தில் எல்லோருக்கும் பச்சை அட்டை (அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வந்து ஆறு மாதம் ஆகிறது. கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளால் (0.22 அங்குல விட்டமுள்ள சின்னத் தோட்டா சுடுவது) சுட்ட ஆசை இன்னும் மனதில் இருக்கிறது. பன்னிரண்டு வயது மகளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. அவள் இடதுகைப் பழக்கம் உள்ளவள். லீவரை, அதாவது அடியில் தொங்கும் நெம்புகோலை, இழுத்துச் சுடும் .22 ஒன்றை வாங்க நினைக்கிறார். எந்த நிறுவனத்துடையது, ஹென்றியா, மார்லினா, பிரௌனிங்கா என்று கேட்கிறார்.

நான் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் இருக்கிறேன். எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் சனிக்கிழமை காலைகளில் சிறுவர்களுக்கு .22 சொல்லிக்கொடுக்கும் வரிசையில் ஒன்பது ஆண்டுகளாக நிற்கிறேன். லீவர் ரைஃபிள்களில் நான்கு என் கையில் இருந்திருக்கின்றன. இரண்டு இப்போதும் இருக்கின்றன.

முதலில் நேர் பதில். புதிதாக வாங்குவதென்றால் ஹென்றியின் சாதாரண மாடலான எச்001 போதும். பழையதைத் தேடி அலையப் பொறுமை இருந்தால் மார்லின் 39ஏ. ஆனால் தம்பி, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. துப்பாக்கி காலியாக இருக்கிறது என்பதை நீங்களும் உங்கள் மகளும் ஒவ்வொரு முறையும் சந்தேகமில்லாமல் உறுதி செய்துகொள்ள முடிகிறதா? லீவர் ரைஃபிளில் தோட்டாக்கள் கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குள் இருக்கின்றன. அதைக் கையாளக் கற்றுக்கொண்டவருக்கு இதைவிட இனிமையான துப்பாக்கி கிடையாது. கற்றுக்கொள்ளாதவர் கையில் இது, பக்கவாட்டுக் கைப்பிடியைத் தள்ளி இழுத்து இயக்கும் போல்ட் ரைஃபிளைவிட ஆபத்தானது.

கடைக்குப் போகும் முன் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் தெரியாமல் கால் வைக்கும் இடம் இதுதான். பச்சை அட்டை உள்ளவர் அமெரிக்கக் குடிமகனைப் போலவே ரைஃபிள் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுப்பீர்கள். உங்கள் பின்னணியைச் சரிபார்த்த பிறகு கொடுப்பார்கள். ஆனால் எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பரின் ரைஃபிளைச் சுடுதளத்தில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் அதில் அடங்கும். அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அது இல்லாமல் பிடிபட்டால், 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 15 ஆண்டு வரை சிறை விதிக்க இடமிருக்கிறது. குடியேற்ற விண்ணப்பமும் அதோடு போய்விடும். ஆகவே வார இறுதியில் அலுவலக நண்பர்களை அழைத்துப் போகும் எண்ணம் வந்தால், அவர்கள் என்ன விசாவில் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

ஒஹையோவில் ரைஃபிள் வாங்கத் தனி அட்டை வேண்டாம். வேலை மாறி இல்லினாய்சுக்கோ நியூஜெர்சிக்கோ போனால் மாநிலத்தின் அட்டை வேண்டும். சிறுவர்கள் சுடுவது பற்றியும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அதை உங்கள் ஊர்க் கிளப்பிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இனி ரைஃபிளுக்கு வருவோம். ரிம்ஃபயர் என்பது தோட்டாவின் அமைப்பைக் குறிக்கும் பெயர். பெரிய தோட்டாக்களில் அடிப்புறத்தின் நடுவில் ஒரு சிறு பொட்டு போல வெடிமருந்துக் குமிழ் இருக்கும். .22 தோட்டாவில் அந்த மருந்து அடிப்புற விளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி விளிம்பை நசுக்கினால் தீப்பற்றும். விளிம்பு நசுங்கும் அளவுக்கு மெல்லிய தகடு என்பதால் அழுத்தம் அதிகமான பெரிய தோட்டாவை இப்படிச் செய்ய முடியாது. சுட்ட கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பவும் முடியாது. பதிலுக்கு விலை குறைவு, சத்தம் குறைவு, தோளில் உதை இல்லை என்றே சொல்லலாம். இன்று எல்லோரும் சுடும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்தது.

லீவரும் ரிம்ஃபயரும் பிறப்பிலேயே உறவு. பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற ரைஃபிளே .44 ரிம்ஃபயர் தோட்டாவைத்தான் சுட்டது. குழாயில் 16 தோட்டா. ஒவ்வொரு சுடலுக்கும் துப்பாக்கி வாயில் மருந்தும் குண்டும் போட்டுக் குத்தியவர்களின் காலத்தில் அது என்ன மாற்றமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைய ஹென்றி நிறுவனம் அந்த ஹென்றியின் வாரிசு இல்லை. 1996-இல் புரூக்ளினில் தொடங்கிய புதிய நிறுவனம். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. அதன் .22 மாடல், எர்மா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வடிவமைப்பிலிருந்து வந்தது. இதைச் சொல்வது ஹென்றியைக் குறைத்துப் பேச அல்ல. விளம்பரத்தில் வரும் ‘1860’ என்ற எண்ணைப் பார்த்து யாரும் விலை கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான்.

என்.சி.சி.யில் நாம் சுட்டது போல்ட் ரைஃபிள். படுத்துக்கொண்டு, ஒரு தோட்டாவைக் கையால் வைத்து, கைப்பிடியைத் தள்ளி மடக்கி, சுட்டுவிட்டு, மறுபடி தூக்கி இழுப்போம். அந்தக் கைப்பிடி வலப்பக்கம் இருப்பதால் இடதுகைக்காரருக்கு ஒவ்வொரு முறையும் தடுமாற்றம். லீவர் துப்பாக்கியின் அடியில், நட்டநடுவில் தொங்குகிறது. எந்தத் தோளில் வைத்தாலும் ஒன்றுதான். உங்கள் மகளுக்கு இது பெரிய வசதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நான் சொல்லப்போகும் எல்லா மாடல்களிலும் காலிக் கூடு வலப்பக்கமாகத் தெறிக்கும். இடத்தோளில் வைத்துச் சுடுபவருக்கு அது முகத்துக்கு முன்னால் பறக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுட விடாதீர்கள். காதுக் கவசமும் அப்படித்தான்.

இப்போது குழாய்க்கு வருகிறேன்.

இந்த ரைஃபிள்களில் குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய் ஓடுகிறது. அதற்குள் பித்தளை உட்குழாய் ஒன்று, ஸ்பிரிங்கோடு. முன்முனையில் இருக்கும் குமிழைத் திருகி உட்குழாயை மேலே இழுத்தால் பக்கவாட்டில் தோட்டா வடிவத்தில் ஒரு துளை தெரியும். அதன் வழியாகத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டு, உட்குழாயைத் தள்ளிப் பூட்ட வேண்டும். அந்தக் குமிழ் குழல் வாய்க்கு மிக அருகில் இருக்கிறது என்பதை யாரும் முதல் நாளில் கவனிப்பதில்லை. தோட்டா போடும்போது உங்கள் விரல்கள் குழல் வாயின் ஓரத்தில் இருக்கும். ஆகவே தோட்டா அறை (சுடும் தோட்டா அமரும், குழலின் பின்முனை) காலி என்று பார்த்து, லீவரைத் திறந்து வைத்து, உள்ளங்கை குழல் வாய்க்கு முன்னால் போகாமல் பக்கத்திலிருந்து பிடித்துத்தான் போட வேண்டும். மகளுக்கு முதலில் இந்தக் கை வைக்கும் இடத்தைச் சொல்லிக்கொடுங்கள். இலக்கு, குறி எல்லாம் அதற்குப் பிறகு.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பதின்மூன்று வயதுப் பையன், தாத்தாவின் பழைய லீவர் ரைஃபிளோடு வந்திருந்தான். சுட்டு முடித்ததும் உட்குழாயை உருவி, ரைஃபிளைச் சாய்த்து மிச்சத் தோட்டாக்களை மேசையில் கொட்டினான். லீவரை மூன்று முறை இழுத்துக் காட்டினான். நான் குனிந்து பார்த்தேன், சுண்டுவிரலை அறைக்குள் விட்டுப் பார்த்தேன், காலி. சரி என்று தலையசைத்தேன். அவன் ரைஃபிளை நிமிர்த்தி, என்ன தோன்றியதோ, இன்னொரு முறை லீவரைத் திறந்தான். மின்னிக்கொண்டு ஒரு தோட்டா மேலே வந்து நின்றது. வெளிக்குழாயின் உட்சுவரில் பழைய எண்ணெய் பிசினாகப் படிந்திருந்தது. அதில் ஒட்டிக்கொண்டிருந்த தோட்டா, ரைஃபிளை நிமிர்த்தியபோது சறுக்கி இறங்கியிருக்கிறது. உட்குழாயை உருவிவிட்டதால் அதைத் தள்ள ஸ்பிரிங்கும் இல்லை. அந்த நேரம் முழுவதும் குழல் வாய் மண்மேட்டைப் பார்த்தே இருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காலி என்று சொன்னவன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து எங்கள் வரிசையில் ஒரே முறைதான். உட்குழாயை முழுவதுமாக வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட வேண்டும். குழல் வாயைச் சாய்த்துக் கொட்ட வேண்டும். பிறகு பாதுகாப்பான திசையில் நிமிர்த்தி, வெளிக்குழாயை உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டி, லீவரை ஐந்து முறை முழு நீளத்துக்கு இழுக்க வேண்டும். அதன் பிறகு கண்ணால் அறையையும், தோட்டாவைத் தூக்கும் தட்டையும், அதன் முன்னால் இருக்கும் குழாய் வாயையும் பார்த்து, விரலால் தொட வேண்டும். மூன்று இடம். ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. குழாயின் உள்ளே எண்ணெய் விடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அடுத்தது, ஊசியை அடிக்கும் சுத்தியல். இந்த ரைஃபிள்களில் சுத்தியல் வெளியே தெரியும். லீவரை மூடியதும் அது ஏறி நிற்கும். சுடாமல் அதை இறக்க வேண்டுமானால் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி மெல்ல விட வேண்டும். பெரியவர் விரலே குளிரில் வழுக்கும். பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் அதைக் கேட்கவே கூடாது. அறையில் தோட்டா இருக்கும்போது சுத்தியலை இறக்கும் பழக்கமே எங்கள் சிறுவர் வரிசையில் இல்லை. சுட வேண்டாம் என்று முடிவானால் லீவரைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக்கும் அதுவே விதியாக இருக்கட்டும். முதல் சில மாதங்களுக்குக் குழாயில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுக் கொடுங்கள். அவள் கை பழகியதும் ஐந்து. பதினைந்து போடுகிற அவசரம் யாருக்கும் இல்லை.

மாடல்களைப் பற்றி இப்போது பேசலாம்.

எச்001 ஐந்தேகால் பவுண்டு எடை. 15 லாங் ரைஃபிள் தோட்டா கொள்ளும். லீவர் வழுக்கிக்கொண்டு போகும். புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அப்படி இருக்கும் துப்பாக்கி வேறு எனக்குத் தெரியாது. ரிசீவர் என்கிற நடுப்பெட்டியில் துத்தநாகக் கலவை இருப்பதைச் சொல்லிப் பலர் முகம் சுளிப்பார்கள். .22-இன் அழுத்தத்தைத் தாங்குவது எஃகுக் குழலும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டும். எங்கள் கிளப்பில் இருக்கும் ஒன்று எத்தனை ஆயிரம் தோட்டா கண்டிருக்கும் என்று கணக்கே கிடையாது, இன்னும் ஓடுகிறது. குறை என்றால் குறிபார்க்கும் முள்ளும் அதைச் சுற்றிய பிளாஸ்டிக்கும்தான். இதிலேயே சிறுவர் மாடல் ஒன்று உண்டு; தோள்கட்டை சுமார் ஓர் அங்குலம் குட்டை, குழலும் குட்டை. மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் கோல்டன் பாய் என்ற மாடலைக் கடையில் முன்னால் மாட்டியிருப்பார்கள். அழகுதான். ஆனால் எண்கோணக் குழலால் எடை கூடும், மகளின் கை பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். உங்களுக்கு இரண்டாவது துப்பாக்கியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்லின் 39ஏ வேறு ரகம். அதன் வம்சம் 1891-இல் தொடங்குகிறது. சுடுவதில் பெயர்பெற்ற ஆனி ஓக்லி கையில் இருந்ததும் அந்த வம்சத்து .22தான். 24 அங்குலக் குழல், ஆறரைப் பவுண்டு, முழுக்க எஃகும் வால்நட் மரமும். 19 தோட்டா பிடிக்கும். என்னுடையது 1950களில் செய்தது. வலப்பக்கத்தில் ஒரு பெரிய திருகு இருக்கிறது. ஒரு குவார்ட்டர் நாணயத்தை அதன் பள்ளத்தில் வைத்துத் திருப்பினால் கழன்று வரும்; கட்டையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் ரைஃபிள் இரண்டாகப் பிரியும். போல்ட்டை உருவிவிட்டு, குழலைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே சுழலும் வரிகள் தெரியும். சுத்தம் செய்யும் கம்பியைப் பின்னாலிருந்தே விடலாம். குழல் வாயைக் கம்பி உரசித் தேய்க்கும் பயம் இல்லை. காலியா என்ற கேள்விக்கும் இதைவிடத் தெளிவான பதில் கிடையாது, குழலின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வானம் தெரிகிறது.

பழைய 39ஏ வாங்கும்போது குழலில், ரிசீவருக்கு அருகில் பாருங்கள். வட்டத்துக்குள் ‘ஜே.எம்.’ என்ற எழுத்து முத்திரை இருந்தால் மார்லினின் சொந்த ஆலையில் செய்தது. மார்லினை ரெமிங்டன் குழுமம் வாங்கி, அந்த ஆலையை மூடிய பிறகு வந்தவற்றில் அந்த முத்திரை இருக்காது. 2020-இல் ரெமிங்டன் திவாலாகி மார்லின், ரூகர் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் கைக்குப் போனது. பெரிய திருகின் பள்ளம் சிதைந்திருக்கிறதா, இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் இடைவெளி தெரிகிறதா, மேகசின் எனப்படும் தோட்டாக் குழாயில் நசுங்கல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். 1930களின் தொடக்கம் வரை செய்த, ‘ஏ’ இல்லாத 39 கிடைத்தால் அதை அலமாரியில் வைத்து ரசியுங்கள். அதன் பழைய போல்ட் இன்றைய அதிவேகத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு முறை ஒரு கண்காட்சியில், பழுது பார்த்தாகிவிட்டது என்ற வாய் வார்த்தையை நம்பி ஒன்றை வாங்கினேன். மூன்றில் ஒரு தோட்டா மேலே வராமல் சிக்கியது. தூக்கும் தட்டு தேய்ந்திருந்தது, நல்ல கைவினைஞரைத் தேடிச் சரிசெய்ய ஓராண்டு ஆனது. ஆகவே பழையதை வாங்கினால் பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சுட விடாதவரிடம் வாங்காதீர்கள்.

பிரௌனிங் பி.எல்-22 ஜப்பானில் மிரோக்கு ஆலையில் செய்யப்படுவது. லீவர் 33 பாகை மட்டுமே திரும்புகிறது. விரலைச் சற்று விரித்தால் போதும், அடுத்த தோட்டா ஏறிவிடும். விசையும் லீவரோடு சேர்ந்தே நகர்வதால் விரல் இடையில் சிக்காது. ஐந்து பவுண்டுதான். சின்னக் கைகளுக்கு இதைப் போலப் பொருந்துவது அரிது. விலை எச்001-ஐவிட நன்றாகவே அதிகம். பணம் தடையில்லை என்றால், உங்கள் மகளை மட்டும் நினைத்துச் சொல்வதானால், நான் இதைத்தான் முதலில் அவள் கையில் கொடுத்துப் பார்ப்பேன்.

வின்செஸ்டர் 9422 என்பது 1972 முதல் 2005 வரை செய்யப்பட்ட அருமையான ரைஃபிள். இப்போது சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். பிரேசிலில் செய்யும் ரோஸி ரியோ பிராவோ விலை குறைவு. கையில் எடுத்து லீவரை இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

.22 மேக்னம் அல்லது .17 எச்.எம்.ஆர். என்ற, வேகம் கூடிய வேறு ரிம்ஃபயர் தோட்டாக்களைச் சுடும் மாடல்களையும் கடைக்காரர் காட்டுவார். தாளில் ஓட்டை போடவும் தகர டப்பா உருட்டவும் அவை வேண்டாம், தோட்டா விலை பல மடங்கு. இன்னொன்று, மேக்னம் அறையில் சாதாரண .22 லாங் ரைஃபிளைப் போட்டுச் சுடவே கூடாது. அந்த அறை அகலம். மெல்லிய கூடு பிளந்து சூடான வாயு பின்பக்கம் பாயும்.

தோட்டா விஷயத்தில் லீவருக்கு ஒரு சிறப்பு உண்டு. தானாக இயங்கும் .22-க்கு அடுத்த தோட்டாவை ஏற்ற வெடிப்பின் உந்துதல் வேண்டும். பலவீனமான தோட்டா போட்டால் சிக்கும். இங்கே இயக்குவது உங்கள் கை. அதனால் விநாடிக்கு 710 அடி வேகத்தில் மெல்லப் போகும் சி.சி.ஐ. குவையட்-22 தோட்டாவும் ஓடும், அதே நிறுவனத்தின் 1235 அடி வேகத்து மினி-மேக் தோட்டாவும் ஓடும். ஒலியின் வேகம் ஏறக்குறைய 1125 அடி; அதற்குக் கீழே போகும் தோட்டாவில் காற்றைக் கிழிக்கும் அந்தச் ‘சடார்’ இருக்காது. சத்தத்துக்குக் கண் சிமிட்டும் குழந்தைக்கு மெல்லிய தோட்டாவில் தொடங்குவது நல்லது. மெல்லியது என்பதால் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். .22 பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடாதீர்கள். குண்டு ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும், சாப்பாட்டைத் தொடும் முன், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

காலி அறையில் விசையை இழுத்துப் பழகும் வழக்கமும் ரிம்ஃபயரில் வேண்டாம். விளிம்பில் தோட்டா இல்லாதபோது ஊசி அறையின் ஓரத்தையே அடித்து நசுக்கும். அதற்கென்று பிளாஸ்டிக் போலித் தோட்டாக்கள் விற்கிறார்கள். அவற்றைப் போட்டு வீட்டிலேயே ஏற்றுவதையும் இறக்குவதையும் பழகுங்கள்.

வீட்டில் வைப்பதைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனமில்லை. பூட்டிய எஃகு அலமாரியில் ரைஃபிள், வேறு பூட்டில் தோட்டா, சாவி உங்களிடமும் மனைவியிடமும் மட்டும். மகள் எவ்வளவு பொறுப்பானவளாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. அவள் தோழிகள் வீட்டுக்கு வருவார்கள். அதோடு, வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு, இருண்ட பேச்சு என்று தெரிந்தால் அன்றே ரைஃபிளை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். நம்பகமான கடையோ கிளப்போ வைத்துக்கொள்ளும். சங்கடப்படாமல் கேளுங்கள், யாரும் காரணம் விசாரிக்க மாட்டார்கள்.

இந்தச் சனிக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எச்001, அதன் சிறுவர் மாடல், பி.எல்-22 மூன்றையும் கேளுங்கள். காலியா என்று மூன்று இடங்களிலும் பார்த்த பிறகு, கடைக்காரரின் அனுமதியோடு, அவள் இடத்தோளில் வைக்கச் சொல்லுங்கள். கன்னம் கட்டையில் பதிந்திருக்கும்போது கழுத்தை நீட்டாமல் முள் தெரிகிறதா, தோளிலிருந்து எடுக்காமலேயே லீவரை முழுவதும் திறந்து மூட முடிகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் தோட்டா சிக்கும். பிறகு மேகசின் குமிழைத் திருகி உட்குழாயை அவளையே உருவச் சொல்லுங்கள்; சில புதிய ரைஃபிள்களில் அது இறுக்கமாக இருக்கும். மூன்றையும் எளிதாகச் செய்ய முடிகிற ரைஃபிளை வாங்குங்கள். மிச்சப் பணத்துக்கு ஐந்து விதத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். ஒரே ரைஃபிள் ஒரு வகையை 50 கெஜத்தில் இரண்டு அங்குல வட்டத்துக்குள் போடும், இன்னொன்றை நான்கு அங்குலத்துக்குச் சிதறடிக்கும். உங்கள் ரைஃபிளுக்கு எது பிடிக்கிறது என்பதைத் தாளில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.